பிளஸ் ஒன்னில் கணிதம் எடுப்பதா, விடுவதா? குரூப் தேர்வின் பின்னால் இருக்கும் விதிகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு ஒவ்வொரு வீட்டிலும் "எந்த குரூப்?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். குரூப்புக்குப் பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும். ஓர் ஊரில் செகண்ட் குரூப் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னோர் ஊரில் அதுவே தாவரவியல், விலங்கியல். அதனால் பெயரை விட்டுவிட்டு, அதில் கணிதம் இருக்கிறதா, இருந்தால் எந்தக் கணிதம் என்பதை முதலில் கேளுங்கள். பிளஸ் டூ முடித்தபின் எதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியும் என்பதில் பெரும்பங்கை அந்த ஒரு பாடம்தான் தீர்மானிக்கிறது.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணிதம் இரண்டு வகையாக இருக்கிறது. இயற்பியல், வேதியியலோடு வருவது 'கணிதம்'. பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர்-மேத்ஸ் என்று சொல்லும் பிரிவுகளில் இருப்பது இதுதான். வணிகவியல், கணக்குப்பதிவியலோடு வருவது 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்'. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஏமாந்த பிள்ளைகள் நிறைய. வணிகக் கணிதம் ஒன்றும் லேசான பாடமில்லை. அணிகள், தொகையிடல், நிகழ்தகவு, கூறெடுப்பு, செயல்முறை ஆராய்ச்சி எல்லாம் அதில் உண்டு. பி.காம்., பொருளியல் என்று போகிறவர்களுக்கு நல்ல அடித்தளம். ஆனால் அண்ணா பல்கலைக்கழகம் சார்ந்த பொறியியல் கலந்தாய்வுக்கு அது செல்லாது. அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும்.

அந்தக் கலந்தாய்வுக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கட்-ஆஃப் மொத்தம் 200. கணிதத்தில் எடுத்த மதிப்பெண் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50 என்று சேரும். கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 80 எடுத்தவருக்கு 90+40+40, அதாவது 170. கணிதம் 80, மற்ற இரண்டிலும் 90 எடுத்தவருக்கும் 80+45+45, அதே 170. மொத்தத்தில் இரண்டாமவர் பத்து மதிப்பெண் கூடுதலாக எடுத்திருக்கிறார், ஆனாலும் கட்-ஆஃப் சமம். இப்படிச் சமமாக நிற்கும்போது யாரை முன்னால் வைப்பது என்பதற்கும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். ஆக, முதலாமவர் முன்னால் போய்விடுவார். பொறியியல்தான் இலக்கு என்றால் கணிதத்துக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரம் மற்ற பாடத்தின் இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்று பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உரிமை. இதைத் தெரியாமல் இழப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் முன்னுரிமையாக ஒதுக்க 2021-ல் சட்டம் வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இப்படிச் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கணிதம் எடுக்காத பிள்ளைக்கு இதில் பொறியியல் பங்கு இல்லாமல் போகிறது.

இன்னொரு விதமாகவும் இது கைநழுவும். ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் கணிதக் குரூப் இல்லை, அல்லது இடம் நிரம்பிவிட்டது என்றதும் சிலர் பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளை மேல் உள்ள அக்கறையில் செய்வதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தோடு 7.5 சதவீத உரிமை போய்விடும். அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்த்தாலும் போய்விடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்குத்தான். அதனால் குரூப் கிடைக்காவிட்டால் கொஞ்சம் தூரமானாலும் இன்னோர் அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேடுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம்.

சரி, பொறியியல் வேண்டாம் என்பவர்களுக்கு? டாக்டராக வேண்டும் என்றால் நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல்தான், கணிதம் தேவையில்லை. கட்டடக்கலை படிக்க நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். என்டிஏ (NDA) எனும் தேசிய பாதுகாப்பு அகாடமி மூலம் விமானப்படை, கடற்படைக்குப் போக இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் சரி என்றாலும் எழுத்துத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குக் கணிதத் தாள் எல்லோருக்கும் பொது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் படிக்கக் கணிதமோ, அப்ளைடு கணிதமோ (சிபிஎஸ்இயில் உள்ள இன்னொரு கணிதப் பாடம்) வேண்டும். சி.ஏ. படிப்புக்குப் பிளஸ் டூவில் கணிதம் கட்டாயமில்லை, ஆனால் ஃபவுண்டேஷன் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் கலந்த தாள் ஒன்று காத்திருக்கும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. போன்றவற்றுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். போக நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் விளக்கக் கையேட்டை இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

எதுவும் முடிவாகாத பிள்ளைக்கு என்னுடைய யோசனை பயோ-மேத்ஸ். மருத்துவம், பொறியியல் இரண்டு பக்கமும் போகலாம். பாரம் அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் நீட் மட்டும்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளையைக் 'கைவசம் இருக்கட்டும்' என்று கணிதத்தோடு கட்டிப்போடுவதும் சரியில்லை. கம்ப்யூட்டர்-மேத்ஸ் எடுத்தவர்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 60 எடுத்த பிள்ளையைப் பார்த்து 'உனக்குக் கணக்கு வராது' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிளஸ் டூ கணிதத் தாளில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 மதிப்பெண் அகமதிப்பீடு. அந்த 90-ல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள். இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்துக்கு ஏழு எழுதினால் போதும். தேர்ச்சிக்கு 35. முறையாகப் பழகினால் எட்டக்கூடிய தூரம்தான்.

ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே, பல பள்ளிகள் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனதால்தான். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதி, ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடக் கூடாது. எல்லை, வகையிடல், தொகையிடல், வெக்டர் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகின்றன. பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. வகையிடலே தெரியாமல் பெருமம், சிறுமம் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ தேர்விலும் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இந்த முடிவு இன்னும் முன்னாலேயே வந்துவிடுகிறது. அங்கே பத்தாம் வகுப்பிலேயே ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு கணிதத் தாள்கள். பாடம் ஒன்றுதான், கேள்வியின் கடினம்தான் வேறு. விதிப்படி பேசிக் எழுதியவர் பதினொன்றில் அப்ளைடு கணிதம் எடுக்கலாம், வழக்கமான கணிதம் எடுக்க முடியாது. இடையில் சில ஆண்டுகள் சிபிஎஸ்இ இதைத் தளர்த்தியது. அதை நம்பி இருக்காமல், சேரப்போகும் ஆண்டின் சுற்றறிக்கையைப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பேசிக் தாளில் தேறியவர் மனம் மாறினால், ஸ்டாண்டர்டு தாளைப் பின்னர் எழுத முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணிதம் விட்டுப்போனவர்களுக்கும் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தொழிற்கல்விப் பிரிவில் பிளஸ் டூ படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனியாக 2 சதவீத இடம் உண்டு. குரூப்பில் சேர்ந்த பின்பு தவறு என்று தோன்றினால், மாணவர் விவரம் தேர்வுத்துறைக்குப் போவதற்குள் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். முதல் சில வாரங்களில் மாற்றுவது எளிது. பாடம் நகர நகர, மாறிப் போகும் பிள்ளை விட்டதைப் பிடிப்பது கடினமாகிவிடும்.