பயறு வெந்த பிறகுதான் புளி

சேலத்தில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். என் அறையில் 'மன்னித்துவிடு' என்று யாராவது சொல்லிக் கேட்பது அபூர்வம். 'சாப்பிட்டுட்டுப் போ' என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பல வீடுகளில் இரண்டும் ஒன்றுதான்.

அம்மாபேட்டைப் பக்கம் ஓர் அக்கா, தம்பி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பூர்வீக வீட்டில் உன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு என்று தம்பி கேட்டதில் பேச்சு நின்றுபோனது. நாலு தீபாவளி போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பை ஒரு தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் அம்மா வைத்த மாதிரியே: பயறை வாசம் வர வறுத்து, வேகவைத்து, சின்ன வெங்காயம், கத்தரிக்காய் வதக்கிப் போட்டு, மல்லியும் தேங்காயும் அரைத்து ஊற்றி, கடைசியில் புளி. தம்பி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

அடுத்த வாரமே பத்திரத்தை நீட்டிவிட்டார். "அதான் சமாதானம் ஆயிட்டோமே, இன்னும் என்னக்கா?"

நான் அடிக்கடி பார்க்கும் தப்பு இதுதான். குழம்பு பேச்சைத் திறக்கும், வழக்கைத் தீர்க்காது. சாப்பிட்ட கையோடு கையெழுத்து கேட்காதீர்கள், போடவும் போடாதீர்கள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. அன்றைக்கு மணமாகியிருந்த பெண்களை அது விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. பங்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். பத்திரத்தை விளக்கிச் சொல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

இன்னொன்று. இரவு அடித்துவிட்டு மறுநாள் கறி வாங்கி வரும் கணவரின் கதை வேறு. அதைச் சமாதானம் என்று நான் எண்ணுவதில்லை. பெண்கள் உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

அக்காவிடம் திரும்ப வருகிறேன். "புளியை முதல்லயே ஊத்திட்டா பயறு வேகாதுங்க மேடம், என் தம்பிக்கு அவசரம்" என்றார், கோபமே இல்லாமல். இப்போது இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. தூக்குப்போசியும் தம்பி வீட்டில்தான் இருக்கிறது. வெறும் போசியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம், என்ன போட்டுக் கொடுப்பது என்று மனைவியோடு யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.