பெருந்தொற்றின்போது காப்பீட்டு அட்டை கைகொடுக்க வேண்டுமானால்

2021 மே மாதம், சென்னையின் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்துக் கிடந்த நாட்களில், எங்கள் தெருவைச் சேர்ந்த வீட்டு வேலை செய்யும் பெண்மணி ஒருவர் மூச்சுத் திணறலோடு இருந்த தம் கணவரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போருக்குத் தனியார் மருத்துவமனையிலும் கொரோனா சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்ற ஆணை மே 7 அன்றே வந்திருந்தது. அவருக்குத் தகுதி இருந்தது, அட்டைதான் இல்லை. பொதுமுடக்கத்தில் வருமானச் சான்றுக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது என்று கேட்டு அலைந்தவர், கடைசியில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெற உரிமை உண்டு. 2022 ஜனவரிக்கு முன்பு இந்த வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அப்போது தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் சிக்கல் குடும்ப அட்டையில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவர் காப்பீட்டிலும் இல்லை. திருமணமாகி வந்த மருமகளின் பெயர் தாய் வீட்டு அட்டையிலேயே நிற்கும். பிறந்து மூன்று வருடமான குழந்தையின் பெயர் எங்குமே இருக்காது. நோய் வந்த பிறகு இவற்றைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர் மறுப்பதால் முகவரியை மாற்றாமல் சொந்த ஊர் அட்டையோடு காலம் தள்ளுகிறவர்கள் இந்நகரில் ஏராளம். அப்படிப்பட்டவர்கள், அந்த ஊரின் ஆட்சியர் அலுவலகத்திலேயே பதிவு செய்துகொண்டால், சென்னை மருத்துவமனையிலும் அந்த அட்டையைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இணைத்த ஆவணம் தெளிவாக இல்லை என்பதாகத்தான் இருக்கும். கணக்கில் கொள்ளப்படுவது குடும்பத்தின் மொத்த வருமானம் என்பதை மறக்க வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் என்பது இந்நகரில் இரண்டு பேர் கூலி வேலைக்குப் போனாலே தாண்டிவிடும் தொகை. வறுமையில் வாடும் எத்தனையோ குடும்பங்களை இந்த வரம்பு வெளியே நிறுத்திவிடுகிறது என்பது என் வருத்தம்.

சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கைக்கு வந்தபின், ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். இங்கேதான் பலருடைய ஒரு நாள் கூலி வீணாகிறது. சென்னை மாவட்டத்துக்கான அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், சோழிங்கநல்லூர்வாசிகளும் இப்போது அங்கேதான் வர வேண்டும். தாம்பரத்துக்காரர்கள் செங்கல்பட்டுக்கும் ஆவடிக்காரர்கள் திருவள்ளூருக்கும் போக வேண்டும். முடிந்தவரை குடும்பத்தினர் எல்லோரையும் அழைத்துச் செல்லுங்கள். புகைப்படத்துக்கு ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் அலைச்சல் மிச்சமாகும்.

மருத்துவமனையில் நடப்பதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஒரு மருத்துவமனை இதய அறுவைக்கு மட்டும் பட்டியலில் இருந்துகொண்டு மற்ற நோய்களுக்கு இல்லாமல் இருக்கலாம், ஆகவே “இங்கே காப்பீடு உண்டா?” என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன நோய்க்கு உண்டா என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சேரும்போதே காப்பீட்டுத் தொடர்பு அலுவலர் எங்கே என்று விசாரித்து, அட்டையைக் காட்டி, சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன்னனுமதி கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். “முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள், காப்பீட்டுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்ற வாய்மொழி உறுதியை நம்பவே கூடாது, ஏனெனில் இது செலவழித்த பணத்தைப் பிறகு பெற்றுக்கொள்ளும் திட்டம் அன்று. சொந்தச் செலவில் சிகிச்சை பெறச் சம்மதம் என்று எழுதிய தாளில், பதற்றத்தில் இருக்கும் உறவினரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். காப்பீட்டுப் படுக்கை நிரம்பிவிட்டது என்றால், யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டு மேற்சொன்ன எண்ணிலும், முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகப் பார்க்கும் காய்ச்சலுக்கும் மாத்திரைக்கும் இந்த அட்டை உதவாது. அதற்கு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளில் அட்டை கேட்டால் பயந்து திரும்பிவிடாதீர்கள். காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள். அட்டை இல்லாதவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு; இல்லை என்று யாராவது சொன்னால், வாசலை விட்டு நகராமல் பணியில் இருக்கும் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.