பழைய கர்னல் பக்கத்திலேயே இருக்கிறது

லினக்ஸின் மைய நிரலான கர்னலைப் புதுப்பித்த மறுநிமிடம் திரை கறுத்து நின்றால், லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளில் வேறு பதிப்பு எண்ணோடு வரும் கர்னல் பழையதை அழிப்பதில்லை, தனியாகவே நிறுவப்படுகிறது.

கர்னல் கோப்பு, கணினி எழும்போது வட்டைக் கண்டறிய உதவும் இனிட்ராம்எஃப்எஸ், டிரைவர்கள் அடங்கிய மாட்யூல் (கர்னலோடு சேரும் துணைநிரல்) அடைவு ஆகிய மூன்றின் பெயரிலும் பதிப்பு எண் இருக்கிறது. அதனால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. கணினி எழும் நேரத்தில் எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் வகைக் கணினி என்றால் ஷிஃப்டை) அழுத்தி, எந்தக் கர்னலோடு எழுவது என்று தேர்ந்தெடுக்க உதவும் க்ரப் பட்டியலைத் திறந்து, முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதையும் நீக்கவேண்டாம்.

மற்ற நிரல்களெல்லாம் புதியவையாக இருக்க, கர்னல் மட்டும் பழையதாக இருந்தால் ஒத்துப்போகுமா? பெரும்பாலும் போகும். நிரல்கள் கர்னலிடம் பேசுவது சிஸ்டம் கால் என்னும் வாசல் வழியாகத்தான். அந்த வாசலை மாற்றி நிரல்களை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். மறுபக்கத்தில், பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகமும் 2012-இல் வெளியான 3.2 வரையிலான பழைய கர்னல்களோடு அனுசரித்துப்போகிறது.

கர்னலின் உட்புறத்துக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அங்கே எதுவும் எப்போதும் மாறலாம். என் கணிப்பில் வீட்டுக் கணினிகளின் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. என்விடியாவின் கிராஃபிக்ஸ் டிரைவர் போன்று வெளியிலிருந்து வரும் மாட்யூல்களை ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகக் கட்டியாகவேண்டும். அந்த வேலையை டிகேஎம்எஸ் என்னும் கருவி செய்கிறது. மாட்யூலைக் கட்டத் தேவையான, அந்தக் கர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பு இல்லாவிட்டால் அதனால் கட்ட முடியாது. நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும்போது, கணினி நம்பும் கையொப்பம் மாட்யூலில் இல்லாவிட்டால் கர்னல் அதை ஏற்காது. ஆகவே கறுந்திரையைக் கண்டதும் கர்னலைத் திட்டுவதற்கு முன் டிகேஎம்எஸ்ஸின் நிலையைப் பாருங்கள்.

ஃபெடோரா வழக்கமாக 3 கர்னல்களை வைத்துக்கொண்டு மிகப் பழையதை நீக்கிவிடும். கர்னல் கோப்புகளை வைக்கும் பூட் பகிர்வு (வட்டின் ஒரு பகுதி) சிறியதாக இருந்தால் புதியதற்கு இடமில்லாமல் புதுப்பிப்பே பாதியில் நிற்கும். அப்போது கோப்புகளைக் கையால் அழிக்காமல், நிரல்களை நிறுவி நீக்கும் தொகுப்பு மேலாளர் வழியாக நீக்குவதே சரி. ஆர்ச் லினக்ஸின் வழக்கம் வேறு: பழைய கர்னலின் இடத்திலேயே புதியது வந்துவிடும். அதனால் அங்கே நீண்டகால ஆதரவுக் கர்னலையும் முன்கூட்டியே நிறுவிவைப்பது நல்லது.

பழைய கர்னலில் பாதுகாப்புத் திருத்தங்கள் இருக்காது. கோளாறு தீரும்வரை கர்னல் புதுப்பிப்பை மட்டும் தடுத்து நிறுத்திவைக்கலாம். திருத்திய பதிப்பு வந்ததும் அந்தத் தடையை எடுத்துவிடவேண்டும்.