சீரியம் சுலபம், நியோடிமியம் கடினம்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. சீரியம், நியோடிமியம் போன்ற, ஒன்றையொன்று வெகுவாக ஒத்த உலோகங்களான அருமண் தனிமங்கள் அதற்குள் பாஸ்பேட்டாகக் கட்டுண்டு கிடக்கின்றன. கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும். மோனசைட்டைப் பொடியாக்கி, அடர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் வேகவைத்தால் பாஸ்பேட் பிரிந்து கரைசலோடு போய்விடும். மிஞ்சுவது ஹைட்ராக்சைடுக் கலவை. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்து விட்டு, பிஎச் மதிப்பை 3-4 அளவில் நிறுத்தினால் அருமண் தனிமங்கள் கரையும். தோரியம் பெரும்பாலும் கரையாமல் தங்கிவிடும்.

இதுவரை சரி. தலைவலி இனிமேல்தான். லாந்தனம், பிரசியோடிமியம், நியோடிமியம் என எல்லாமே கரைசலில் +3 மின்சுமையோடு திரிகின்றன. அயனியின் பருமனில் மட்டும் வேறுபாடு, அதுவும் சொற்பம்: லாந்தன அயனியின் ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டர், வரிசையின் கடைசியில் உள்ள லுட்டீசியத்துக்கு 86. இந்த இடைவெளிக்குள் பதின்மூன்று தனிமங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆக்சலிக் அமிலத்தை ஊற்றினால் அத்தனையும் ஒன்றாக வீழ்படிவாகிவிடும். இரும்பையும் அலுமினியத்தையும் கழற்றிவிட அது அருமையான வழி, ஆனால் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவாது. சோடியம் சல்பேட் கொஞ்சம் மேல்: லாந்தனம் முதல் சமாரியம் வரை இரட்டை சல்பேட்டாக இறங்கும், கனமானவையும் இட்ரியமும் கரைசலில் நிற்கும். கும்பல் இரண்டாகும், அவ்வளவுதான்.

தனியாகச் சிக்குபவை சீரியமும் யூரோப்பியமும். சீரியத்தை ஆக்சிஜனேற்றம் செய்தால் +4 ஆகும். மின்சுமை கூடியதும் ஹைட்ராக்சைடை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றவை கரைந்தே இருக்கும் அமிலத்தன்மையில் இது மட்டும் படிந்துவிடும். யூரோப்பியத்துக்கு நேர்மாறான வைத்தியம். துத்தநாகத்தால் ஒடுக்கினால் +2 ஆகும். அப்புறம் பேரியத்தைப் போலவே நடந்துகொண்டு கரையாத சல்பேட்டாக இறங்கும். 1960களில் கலர் டிவித் திரையின் சிவப்புக்கு யூரோப்பியம் தேவைப்பட்டபோது இந்தக் குணம் கைகொடுத்தது.

நியோடிமியத்துக்கு இப்படிக் குறுக்குவழி இல்லை. ஆஸ்திரிய வேதியியலர் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885ல் அதைப் பிரசியோடிமியத்திலிருந்து பிரித்தது, இரட்டை நைட்ரேட்டுகளைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கித்தான். அமெரிக்காவில் வேதியியலர் சார்ல்ஸ் ஜேம்ஸ், இன்னொரு அருமண் தனிமமான தூலியத்தைத் தூயதாக எடுக்க, அதன் புரோமேட்டைச் சுமார் 15,000 முறை மறுபடிகமாக்கினார். 1911ல் வெளியான வேலை அது. யாருக்கு வரும் அந்தப் பொறுமை!

இன்றைய ஆலைகளில் வரிசையாகத் தொட்டிகளை வைத்து, அமிலக் கரைசலையும் எண்ணெய் போன்ற கரைப்பானையும் மறுபடி மறுபடி கலக்கிப் பிரிக்கிறார்கள். பிரிந்து வந்த ஒவ்வொன்றையும் கரைசலிலிருந்து எடுக்க மட்டும் பழைய ஆக்சலிக் அமிலம்தான்: ஆக்சலேட்டாக இறக்கி, வடிகட்டி, உலையில் சுட்டால் ஆக்சைடுத் தூள் தயார்.