ஸ்கிம்மருக்கு வீட்டில் செய்யும் மாற்றங்கள்: எது பலன் தரும், ஏன்?

கடல்நீர் மீன்தொட்டியின் அழுக்கைக் காற்றுக் குமிழிகளால் நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரின் உச்சியிலுள்ள கோப்பையை ஒருமுறை கழற்றி மோந்து பார்த்தவருக்கு, அந்தக் கருவியின் வேலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. கரும்பழுப்பு நிறத்தில் அழுகல் வாடையுடன் அதில் தேங்கியிருப்பது, மீன்களின் கழிவும் மிஞ்சிய தீனியும் பாசியின் கசிவும் அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே கடல்நீர்த் தொட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட பகுதியாகும். இந்தக் கோப்பையை இன்னும் வேகமாக நிரப்ப வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் கருவியைப் பிரித்துக் கை வைக்கிறார்கள். எதை மாற்றினால் எது மாறும் என்பதை அறியாமல் கை வைத்தால், கோப்பை நிரம்பும். ஆனால் வெறும் உப்புநீரால் நிரம்பும்.

புரதங்கள், கொழுப்பு அமிலங்கள் போன்ற மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரிலிருந்து விலக முயலும். காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் இந்த இரண்டு விருப்பங்களும் ஒருசேர நிறைவேறுவதால், அவை அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்கிம்மர் செய்வதெல்லாம் அந்த எல்லையைப் பெருக்கித் தருவதுதான். 1 லிட்டர் காற்றை 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் கிடைக்கும் மொத்தப் பரப்பு 2 சதுர மீட்டர். அதே காற்றை 1 மில்லிமீட்டர் குமிழிகளாக்கினால் 6 சதுர மீட்டரும், அரை மில்லிமீட்டராக்கினால் 12 சதுர மீட்டரும் கிடைக்கும். சிறிய குமிழி மெதுவாக ஏறுவதால் நீரோடு கூடுதல் நேரம் தொடர்பில் இருக்கிறது என்பது இன்னொரு லாபம். உப்பு கரைந்த நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று மோதினாலும் எளிதில் இணைந்து பெரிதாவதில்லை. நன்னீரில் அவை சட்டென்று இணைந்துவிடுகின்றன. வீட்டுக் கருவி நன்னீர்த் தொட்டியில் ஏறக்குறைய பயனற்றுப் போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அந்தக் கணக்கு மனத்தில் நின்றால், மெஷ் (வலை) சக்கர மாற்றம் ஏன் இவ்வளவு புகழ் பெற்றது என்பது விளங்கும். ஸ்கிம்மரின் ஊசிச் சக்கர மோட்டாரில், நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரின் ஊசிகள் சுழன்று காற்றைச் சிதறடிக்கின்றன. ஊசிகளை வெட்டிவிட்டு, அந்த வட்டத் தகட்டின் மேல் முறுக்கு நூலிழைகளால் ஆன பிளாஸ்டிக் மெஷ்ஷை இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தைத்தால், காற்று வெட்டுப்படும் விளிம்புகள் பல மடங்காகின்றன. தைப்பதற்குத் தூண்டில் நரம்பே போதும். உலோகக் கம்பி கூடாது. துருவும் செம்பும் கடல்நீரில் கசியும். செம்பின் சிறு அளவே பவளங்களையும் இறால் வகைகளையும் கொன்றுவிடும். மெஷ்ஷின் விளிம்பு வட்டமாகவும் எல்லாப் பக்கமும் ஒரே எடையாகவும் அமையாவிட்டால் மோட்டார் அதிர்ந்து, தண்டு தேயும். அடுக்கு அதிகமானால் சிறிய மோட்டார்கள் துடித்துத் துடித்து நின்றுபோகும், அல்லது மின்சாரம் போய்த் திரும்பும்போது சுழலத் தொடங்காமல் சூடேறும். எனவே மாற்றியபின் ஒருமுறை இயக்கிப் பார்த்துத் திருப்தி அடையாமல், பத்து முறையாவது நிறுத்தி இயக்கிப் பார்க்க வேண்டும். பழைய இம்பெல்லரை எறியாமல், மாற்றுக்கென்று தனியாக ஒன்று வாங்கி அதில் கத்தரிக்கோலை வைப்பதே விவேகம்.

பலன் கிடைத்ததா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. வெண்மை கூடியதுபோல் தோன்றுவது பெரும்பாலும் நம் விருப்பமே. உறிஞ்சப்படும் காற்றை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அடிப்பக்கத்தில் சிறு துளையிட்ட 5 லிட்டர் கேனைத் தலைகீழாகப் பிடித்து, அந்தத் துளையில் காற்றுக் குழாயை இறுக்கமாகப் பொருத்தி, கேனின் வாயை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டும். காற்று உறிஞ்சப்படும்போது கேனுக்குள் நீர் ஏறும். உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாக இருக்கும்படி கேனைக் கீழே அழுத்திக்கொண்டே வர வேண்டும், இல்லையெனில் உயர்ந்த நீர் எதிர்த்து இழுத்து அளவைக் குறைத்துக் காட்டும். 5 லிட்டர் காற்று தீர 30 விநாடி ஆனால், மணிக்கு 600 லிட்டர் என்று பொருள். மின் அளவி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கலாம்: காற்று அதிகமாகக் கலந்தால் இம்பெல்லர் தள்ளும் கலவை இலேசாவதால், மோட்டார் இழுக்கும் வாட் குறையும்.

ஆனாலும் என் கணிப்பில், புதிதாகத் தொடங்குபவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் மோட்டார் அல்ல, ஸ்கிம்மரிலிருந்து நீர் வெளியேறும் குழாய். கோப்பைக்குக் கீழுள்ள கழுத்துக்குள் நுரை ஏறும்போது, குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர் ஈர்ப்பால் கீழே வடிந்து, அழுக்கு மட்டும் மேலே செறிகிறது. இந்த வடிதல் ஒழுங்காக நடக்க, நீரும் நுரையும் பிரியும் கோடு கழுத்தின் அடியில் அசையாமல் நிற்க வேண்டும். பால் வால்வு (ball valve) கால் சுற்றிலேயே முழுதும் திறந்துவிடுவதால், அதைக் கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் அந்தக் கோட்டை நகர்த்துவது இயலாத வேலை. பல சுற்றுகள் திருகித் திறக்கும் கேட் வால்வு அங்கே இருந்தால் இரண்டு விரலால் முடிந்துவிடும். கூடவே, ஸ்கிம்மர் நிற்கும் துணைத் தொட்டியான சம்ப் தொட்டியின் நீர்மட்டமும் நிலையாக வேண்டும். ஆவியாதலால் அங்கே மட்டம் இறங்கினால் ஸ்கிம்மருக்குள்ளும் இறங்கும், நுரை கோப்பையை எட்டாது. ஸ்கிம்மர் நிற்கும் அறைக்கு ஒரு தடுப்புச் சுவர் வைத்து, வழிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும்படி செய்தால் இந்த ஏற்ற இறக்கம் கடைசி அறையோடு நின்றுவிடும். அக்ரிலிக் சுவரைச் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது என்பதால், கண்ணாடித் தொட்டியில் கண்ணாடித் துண்டையே ஒட்டுவது நல்லது.

ஸ்கிம்மரின் உள்ளறையில் சுழலும் கொந்தளிப்பு, ஒட்டிய மூலக்கூறுகளை மீண்டும் உதிர்க்கும். கலவை நுழையும் இடத்துக்கு மேல் துளைகளிட்ட தகடு ஒன்றைப் பொருத்துவது இதைத் தணிக்கும். காற்று நுழையும் வாயில் தெறிக்கும் நீர் உலர்ந்து உப்பு படிந்து குறுகுவது மிகச் சாதாரணம். வெதுவெதுப்பான நன்னீரைச் சிறிது உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும். எந்த மாற்றமும் செய்யாமலேயே பாதிக் கருவிகள் இதனால் உயிர் பெறும். கழுத்தின் உட்சுவரில் படியும் பிசுக்கும் நுரையை உடைக்கும். சில நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும், ஆல்கஹால் கொண்டு துடைத்தால் அக்ரிலிக் விரிசல் விடும்.

எவ்வளவு மெருகேற்றினாலும் ஓர் உச்சவரம்பு உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்கிம்மர்கள் நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் சுமார் 20 முதல் 30 சதவீதத்தையே அகற்றின. எஞ்சியவற்றில் பெரும்பகுதி குமிழியின் மேல் ஒட்டும் இயல்பே இல்லாதது. நைட்ரேட், பாஸ்பேட் அயனிகளும் அப்படித்தான். அவற்றை எந்த மெஷ்ஷும் நேரடியாகப் பிடிக்காது.

புதிய பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்த கருவி முதல் சில நாட்கள் கட்டுக்கடங்காமல் பொங்கலாம், அல்லது நுரையே தராமல் இருக்கலாம். தொட்டிக்குள் கை விட்டாலோ எண்ணெய்ப்பசையுள்ள தீனி போட்டாலோ சில மணி நேரம் நுரை அடங்கிவிடும். இதைக் கண்டு வால்வைத் திருகினால், நுரை மீளும்போது கோப்பை நள்ளிரவில் வழிந்து தரையில் நிற்கும்.