"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?"

போன வாரமும் ஒன்று வந்தது. பட்டர்வொர்த்தில் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். காலையில் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். கணினியில் இருந்தது விண்டோஸ் 7. பேக்கப் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் இரவு பகலாக அதே கணினியில் செருகியே கிடந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

அந்த அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே தம்பி ஓடுச்சு!"

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் கடைகள், கிளினிக்குகள், அச்சகங்கள், ஆலய அலுவலகங்கள் என்று கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இன்று கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

தேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதி முடிந்தது. 8.1க்கு 2023 ஜனவரி 10. இன்னும் நம்மில் பலர் வைத்திருக்கும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அதே நாளில் ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு நின்றது. இது பலருக்குத் தெரியாது.

ஆதரவு என்றால் நிரலில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வரும் அப்டேட்கள். அது முடிந்தால் கணினி நிற்காது. மறுநாளும் திறக்கும், பிரிண்ட் போகும், யூடியூப் ஓடும். இதுதான் ஆளை ஏமாற்றுகிறது. ஓடுகிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி. ஓட்டை அடைக்கப்படுகிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றுதான் எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

"அப்டேட் வரலைன்னா வரலை, ஏற்கெனவே இருக்கிற பாதுகாப்பு இருக்குமில்ல?" என்று கேட்பார்கள். இருக்காது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரத்துக்குப் புதன் விடியற்காலையில், மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடும். விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட்டை எடுத்து, முந்தைய கோப்போடு வரி வரியாக ஒப்பிட்டு, எந்த இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். திருத்திய இடம்தான் ஓட்டை இருந்த இடம். விண்டோஸ் 10ம் 11ம் உள்ளுக்குள் பெரும்பகுதி ஒரே நிரல். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பூட்டில் ஒன்றை மட்டும் சரிசெய்து, எங்கே சரிசெய்தோம் என்று ஊருக்கெல்லாம் காட்டியது போல. ஆக, புதிய கணினிக்கு மருந்து வருகிற ஒவ்வொரு மாதமும் பழைய கணினிக்கு ஆபத்து கூடுகிறது. சும்மா இருந்தால் அப்படியே இருக்கும் என்பது இல்லை.

2017இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது உலகமே பார்த்தது. அது புகுந்த ஓட்டைக்கான அப்டேட்டை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம். 2014ஆம் ஆண்டே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரமாக ஓர் அப்டேட் கொடுத்தார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அதில் அதிகம் மாட்டியது எக்ஸ்பி அல்ல. ஆதரவில் இருந்தும், அப்டேட் கையில் கிடைத்தும், "அப்புறம் பார்ப்போம்" என்று போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள்தான்.

"எங்ககிட்ட என்னண்ணே இருக்கு, யார் வரப் போறா?" இது அடுத்தது. யாரும் உங்களைத் தேடி வரவில்லை. நிரல் ஒன்று இணையம் முழுக்கக் கதவைத் தட்டிக்கொண்டே போகிறது. திறந்த கதவு உங்களுடையது என்றால் உள்ளே வரும். கடை பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை. உங்கள் கணக்குப் புத்தகம் வேறு யாருக்கும் தேவையில்லாமல் இருக்கலாம். உங்களுக்குத் தேவை. அதனால்தான் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள்.

ஆன்ட்டிவைரஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரே வரி: அது உள்ளே வருகிறவனை அடையாளம் பார்க்கும், சுவரில் இருக்கும் ஓட்டையை அடைக்காது. விண்டோஸ் 10உடன் வரும் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரை புதிய வைரஸ் பட்டியல் வரும். நல்லது, இருக்கட்டும். அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் இன்னொரு பக்கம். பயந்துபோய்க் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே "இது பழசு, விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்க" என்று மூவாயிரம் வெள்ளிக்கு ஒரு லேப்டாப்பைக் கட்டிவிடுகிறார்கள். உண்மையிலேயே ஏறாத கணினிகள் உண்டு. ஏறக்கூடியதையும் ஏறாது என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்களே பார்க்கலாம். செட்டிங்ஸ் போய் சிஸ்டம், அதற்குள் அபௌட். அங்கே பிராசசர் என்ற வரியில் ஐ5-7200 என்றோ ஐ5-8250 என்றோ இருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7இல் தொடங்கினால் ஏழாம் தலைமுறை, ஒரு சிலவற்றைத் தவிர ஏறாது. 8இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை, ஏறும். 10, 11, 12 என்று தொடங்கினால் கேட்கவே வேண்டாம். ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். அதோடு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி, இவ்வளவும் வேண்டும்.

இந்த டிபிஎம்மில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சோதனை நிரல் "டிபிஎம் இல்லை" என்று காட்டும். பாதி நேரம் அது இருக்கும், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இன்டெல் மதர்போர்டுகளில் பிடிடி என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை ஆன் செய்துவிட்டு, செக்யூர் பூட் (Secure Boot) என்ற அமைப்பையும் பார்த்துவிட்டால், செலவே இல்லாமல் விண்டோஸ் 11 வந்துவிடும். பயாஸில் கை வைக்கும் முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் தனிக் கூட்டம்.

ஏறாத கணினிகளுக்கு என்ன வழி?

வீட்டில் வைத்திருக்கும் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போக வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். 30 டாலர் கட்டலாம், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம். அந்தப் பேக்கப் போய்ச் சேரும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான், அதனால் படங்களையும் கோப்புகளையும் அதில் ஏற்றாமல் அமைப்புகளை மட்டும் விட்டால் போதும். இலவசமாகக் கிடைப்பதைக்கூடப் பத்து நிமிடம் ஒதுக்கிச் செய்யாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இது அவகாசம்தான், தீர்வு இல்லை. நிறுவனங்களுக்கு வேறு திட்டம்: முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மடங்கு, மூன்று ஆண்டு வரை. சின்னக் கடைக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அந்தக் காசைப் புதிய கணினியில் போடுங்கள்.

ஏறாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்பார்கள். போடலாம். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தர மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கவில்லை. எதற்காக மாற்றினோமோ அதற்கே உத்தரவாதம் இல்லை என்றால் என்ன பயன்? திருட்டு விண்டோஸ், "ஆக்டிவேட்டர்" சமாச்சாரத்தை நான் தொடுவதே இல்லை. நிறுவும்போதே டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் ஒரு நிரலை எந்த நம்பிக்கையில் ஓடவிடுகிறீர்கள்?

பிள்ளைகள் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் செய்யவும், மின்னஞ்சல் பார்க்கவும், கடிதம் தட்டச்சு செய்யவும் மட்டும்தான் கணினி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம். ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் பத்து வயது லேப்டாப்பும் ஓடும். தமிழும் ஒழுங்காகத் தெரியும். கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

நம்மவர்கள் பழைய கணினியை விட மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் எனக்கு அனுதாபம் அதிகம். பழைய தமிழ் எழுத்துருக்கள். லிட்டில் இந்தியா பக்கம் ஓர் அச்சகத்தில் இன்னும் எக்ஸ்பி ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில். அந்தக் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் "திருமண அழைப்பிதழ்" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்ததும் முதலாளி, "எழுத்தெல்லாம் போச்சுப்பா, பழசையே குடு" என்று கை விரித்துவிட்டார்.

எழுத்து எங்கும் போகவில்லை ஐயா. எழுத்துருதான் இல்லை. மாற்றும் முன் பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். முக்கியமான வேலைகளை அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்குங்கள். திரும்பத் திரும்பப் பயன்படும் வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள், அதற்கான மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு தடவை உட்கார்ந்து செய்தால் தீர்ந்தது. தட்டச்சுக்கும் கவலை வேண்டாம். தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் 2019 முதல் விண்டோஸிலேயே வருகின்றன. அதுவரை அந்த எக்ஸ்பியில் வேலை செய்யுங்கள், ஆனால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வேறு கணினியில் இறக்கி, சோதித்து, பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

பட்டறைகளில் பழைய விண்டோஸோடு சேர்ந்து வந்த இயந்திரங்களுக்கும் இதே விதிதான். சிஎன்சி இயந்திரத்தின் கணினியை மாற்றினால் இயந்திரமே ஓடாது என்றால் மாற்றாதீர்கள், தனிமைப்படுத்துங்கள். "உள் நெட்வொர்க்தானே" என்ற சமாதானம் வேண்டாம். தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி 2018 ஆகஸ்டில் சில நாள் தடுமாறியது எதனால்? வைரஸ் சோதிக்காமல் ஒரு புதிய கருவியை நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அப்டேட் போடாத விண்டோஸ் 7 இயந்திரங்கள் வழியே வானாக்ரையின் ஒரு வகை ஆலைகளுக்குள் பரவியது. இங்கே பாயான் லெப்பாஸ் சிப் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேக்கப். எடுத்தவுடன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். கழற்றாத பேக்கப் பேக்கப்பே இல்லை. இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

மாட்டிக்கொண்டால், முதலில் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பணம் கேட்கும் கடிதத்தைப் படம் எடுத்து வையுங்கள். தயவுசெய்து உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். சில வகைகளுக்கு நோ மோர் ரான்சம் தளத்தில் இலவசத் திறப்பு நிரல் இருக்கிறது. வங்கியில் பணம் போயிருந்தால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997ஐக் கூப்பிடுங்கள். வாடிக்கையாளர் விவரங்கள் வைத்திருக்கும் கிளினிக்குகள், கணக்கு அலுவலகங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு ஏற்படக்கூடிய தரவுக் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். மூடி மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்துகொண்டு, இங்கே அப்பா அம்மாவிடம் உங்கள் பழைய லேப்டாப்பை விட்டுப் போன பிள்ளைகளுக்கு. அப்பா அதில்தான் இபிஎஃப் பார்க்கிறார், அம்மா அதில்தான் கரண்ட் பில் கட்டுகிறார். நீட்டிப்பில் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். தீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம் என்று விடாதீர்கள்; 2026 தீபாவளி நவம்பரில், அந்த அவகாசம் அக்டோபர் 13ஆம் தேதியே முடிகிறது. இந்த வாரம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, அபௌட் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பிராசசர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.