பிடிவாரண்ட்: யாருக்கு உத்தரவாதம்?

"ஆஜராகாத இருவருக்கு ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட் பிறப்பித்து நீதிபதி உத்தரவிட்டார்." தமிழ்ப் பேப்பரில் வாரத்துக்கு நாலு முறையாவது கண்ணில் படுகிற வரி. ஆஜரும் ஜாமீனும் அரபியிலிருந்து வந்தவை. வாரண்ட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இங்கே இறங்கியது. நீதிபதி சமஸ்கிருதம். இந்தச் சட்டச் சொற்களில் 'பிடி' மட்டும் நம் வீட்டுச் சொல். ஆனால் அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் அர்த்தம் தட்டுவதில்லை.

என் பெரியப்பா ஒரு செக் கேஸில் மாட்டியிருந்தார். இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. மூன்றாவது வாய்தாவுக்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டார். அன்று அவர் சொன்னது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது: "ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருஷம் வாரண்டி, எனக்கு ஆயுசுக்கும் வாரண்டா?" அவர் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் சொல்லாராய்ச்சிப்படி பார்த்தால் முழுக்கச் சரி.

வாரண்ட், வாரண்டி, கியாரண்டி மூன்றும் உடன்பிறப்புகள். பழைய ஜெர்மானியக் குடும்பத்து மொழி ஒன்றிலிருந்து பிரான்ஸுக்குள் போன சொல் அது. வடக்குப் பிரான்ஸில் இருந்தவர்கள் அதை 'வ' என்றே தொடங்கினார்கள், மற்றவர்கள் 'க' ஆக்கிவிட்டார்கள். இரண்டு உருவமும் தனித்தனியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்ததால்தான் ஒரே பொருளுக்கு வாரண்டியும் கியாரண்டியும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வார்டும் (ward) கார்டும் (guard) இருப்பதும் இதே கதைதான். மூன்றுக்கும் அடியில் இருக்கும் பொருள் ஒன்றே: காப்பவன், பொறுப்பேற்பவன், உத்தரவாதம்.

அப்படியானால் கைது செய்யும் தாளுக்கு ஏன் அந்தப் பெயர்? யாருக்கு உத்தரவாதம்? பிடிக்கப்படுகிறவருக்கு இல்லை, பிடிக்கிறவருக்கு. ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது சாதாரணமாகக் குற்றம். நீதிபதியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாள் கையில் இருந்தால், அதற்கான பொறுப்பை அந்தத் தாள் ஏற்றுக்கொள்கிறது. இது வெறும் சொல் வரலாறும் இல்லை. 1850-ஆம் ஆண்டின் நீதித்துறை அலுவலர்கள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சட்டப்படியான வாரண்டை நிறைவேற்றியதற்காக அந்த அலுவலர் மேல் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்கிறது அது. வாரண்ட் என்ற சொல்லின் பழைய பொருள் அப்படியே அதில் உட்கார்ந்திருக்கிறது.

ஜாமீனின் கதை இன்னும் வேடிக்கை. அரபியில் ஜாமின் என்றாலும் பொறுப்பேற்பவன்தான். ஆக 'ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்ட்' என்பதைப் பிய்த்துப் பார்த்தால், இவருக்குப் பொறுப்பேற்க யாரும் வர முடியாது, இவரைப் பிடிக்கிறவருக்கு மட்டும் பொறுப்பேற்றாயிற்று என்று வருகிறது.

சரி, பெஞ்ச் வாரண்ட்? ஆங்கிலப் படம் பார்க்கிறவர்களும் அமெரிக்காவில் இருப்பவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். போலீஸ் வந்து ஆதாரம் காட்டிக் கேட்டு வாங்குவது அங்கே சாதாரணக் கைது வாரண்ட். கூப்பிட்ட தேதிக்கு ஆள் வரவில்லை என்று நீதிபதி தன் இருக்கையிலிருந்தே தானாகப் பிறப்பிப்பது பெஞ்ச் வாரண்ட். பெஞ்ச் என்றால் நீதிபதி அமரும் பலகை. (பேங்க் என்ற சொல்லும் இதே பலகையில் அறுத்ததுதான். வட்டிக்காரர் ஒரு பலகை, நீதிபதி ஒரு பலகை.) நம் சட்டத்தில் இந்தப் பெயர் கிடையாது, ஆனால் சமாசாரம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டவாலி (கோர்ட் சேவகர்) மூன்று முறை பெயரைக் கூப்பிட்டு, பதில் வராமல், வக்கீலும் மனுப் போடாமல் இருந்தால் அன்றைக்கே எழுதப்படுவது அதுதான். கோர்ட் வராந்தாவில் இதை யாரும் பெஞ்ச் வாரண்ட் என்பதில்லை. 'என்.பி.டபிள்யூ. ஆயிடுச்சு' என்பார்கள், அதாவது நான்-பெயிலபிள் வாரண்ட், ஜாமீனில் வெளிவர முடியாதது.

தமிழில் இதற்கு என்ன? பிடியாணை. அழைப்பதற்கான ஆணை அழைப்பாணை, அதாவது சம்மன். அதற்கு வராதவரைப் பிடிப்பதற்கான ஆணை பிடியாணை. இந்த ஜோடி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நடைமுறையின் வரிசையே அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பிடியாணைதான் இயல்பான சொல். பகிரங்கப் பிடியாணை, திறந்த பிடியாணை என்றெல்லாம் அங்கே எழுதுவார்கள். ஆஜராவதற்கும் 'முன்னிலையாதல்' என்று அழகான சொல் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிடியாணையும் பிடிவாரண்டும் கலந்து ஓடுகின்றன. கைதாணை என்று எழுதுவோரும் உண்டு.

'ஆணை' சமஸ்கிருத ஆக்ஞாவிலிருந்து பிராகிருதம் வழியே வந்தது என்பது அகராதிக்காரர்கள் கணக்கு. தனித்தமிழ்க்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. எப்படியானாலும் தமிழில் அதற்குக் கட்டளை, சத்தியம் என்று இரண்டு பொருளும் உண்டு. 'என் மேல் ஆணை' என்று அம்மா சொன்னால் அது கட்டளையும் கூட, சத்தியமும் கூட. இன்னொரு எச்சரிக்கை: மூன்று சுழி ணவுக்குப் பதில் இரண்டு சுழி ன விழுந்தால் பிடியாணை பிடியானை ஆகிவிடும். பிடி என்றால் பெண் யானை. 'நடிகருக்குப் பிடியானை' என்று அச்சாகிப் பார்த்திருக்கிறேன். பரிசு கொடுத்தது போல இருந்தது.

பெஞ்ச் வாரண்டை 'அமர்வுப் பிடியாணை' என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்க்கிறேன். வேண்டாமே. அமர்வு என்றால் தமிழில் இரண்டு மூன்று நீதிபதிகள் சேர்ந்து உட்காருவதுதான் நினைவுக்கு வரும். பிடியாணை என்றாலே போதும். பிரித்துக் காட்டியே ஆக வேண்டும் என்றால் 'ஆஜராகாததற்கான பிடியாணை' என்று நீட்டிச் சொல்லலாம். ஜாமீனில் வெளிவர முடியாததற்கு 'பிணையில் விட இயலாப் பிடியாணை' என்பது சட்டத் தமிழ். பிணை, பிணைத்தலிலிருந்து வந்தது. கட்டிவைப்பதுதான் அதன் பொருள். காளையைக் கயிற்றால் பிணைப்பார்கள், ஆளை இரண்டு ஜாமீன்தாரரால் பிணைக்கிறார்கள்.

பெரியப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆயுசுக்கும்தான். பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையோ நிறைவேற்றப்படும் வரையோ வாரண்ட் உயிரோடு இருக்கும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 72. காலாவதித் தேதி என்று ஒன்று கிடையாது. சும்மா இருந்தால் மறந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் பாஸ்போர்ட் விசாரணை வரும்போது விழிப்பார்கள். தலைமறைவு என்று கோர்ட் முடிவு கட்டினால் அடுத்தது பொது அறிவிப்பு, அதற்கும் அடுத்தது சொத்து ஜப்தி.

வாரண்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழக்குக்கு 16 இலக்க, எழுத்துக் கலவையில் சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று வரும். ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் தொட்டால் அன்றைய குறிப்பு திறக்கும். எண் தெரியாவிட்டால் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். அதிலும் பிடிபடவில்லையென்றால் வக்கீலை அனுப்பிப் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்பதுதான் வழி. வழக்குக் கட்டு அவர் மேஜையில்தான் இருக்கும். போனில் யாரோ கூப்பிட்டு 'உங்கள் மேல் வாரண்ட் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்' என்றால் அது மோசடி, வேறொன்றுமில்லை.

வாரண்டைத் தீர்ப்பதற்குக் கோர்ட்டில் புழங்கும் சொல் 'ரீகால்'. வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனு. எழுதிய கோர்ட்டிலேயே போட வேண்டும். பெரும்பாலும் ஆளும் கூடவே போய் நிற்க வேண்டும், இதற்குப் பெயர் சரண்டர். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி வராததற்குக் காரணம் காட்டினால் நல்லது. மாஜிஸ்திரேட் செலவுத் தொகை கட்டச் சொல்லலாம், புதிதாக ஜாமீன்தாரர் கேட்கலாம், ரிமாண்டும் செய்யலாம். போகாமல் இருப்பதை விடத் தானாகப் போய் நிற்பவருக்கே பெரும்பாலும் நல்லது நடக்கிறது. அதை விட நல்லது, வர முடியாத அன்றே வக்கீலிடம் சொல்லி '317' போட வைப்பது. பழைய சட்டத்தின் 317-ஆம் பிரிவுப்படி, ஆஜராவதிலிருந்து அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்கும் மனு அது. புதுச் சட்டத்தில் அது 355 ஆகிவிட்டது, ஆனாலும் வக்கீல்கள் வாயில் இன்னும் 317தான். எண்ணே சொல்லாகிவிட்டால் அதை மாற்றுவது கடினம்.

எடுத்த எடுப்பில் என்.பி.டபிள்யூ. கூடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2007-இலேயே சொல்லியிருக்கிறது. பொதுவாக முதலில் சம்மன், அதற்கு அசையவில்லையென்றால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராதபோதுதான் மற்றது. பிடிக்க வருகிறவர் வாரண்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும்.

ரீகால் ஆனதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. உத்தரவின் நகலைக் கையில் வாங்குங்கள், ஸ்டேஷனுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். மும்பையில் ஒரு வக்கீலின் மேல் இருந்த வாரண்ட் 2002 ஆகஸ்ட் 12 அன்று ரத்தானது. மூன்று நாள் கழித்துச் சுதந்திர தினத்தன்று அதே வாரண்டை வைத்து அவரைக் கைது செய்தார்கள். ரத்தாகிவிட்டது என்று அவர் சொல்லியும் பலிக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-இல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு கோர்ட்டும் வாரண்ட் பதிவேடு வைக்க வேண்டும், ரத்து செய்தால் அதன் நகலைப் போலீசுக்கு அனுப்பி வாரண்டைத் திருப்பி வாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் வழிமுறை வகுத்தார்கள். கைது செய்த இன்ஸ்பெக்டர் 2,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது அப்படியே நின்றது. அவர் கையில் தாள் இருந்தது, ஆனால் அதற்குள் இருந்த உத்தரவாதம் மூன்று நாள் முன்பே போய்விட்டது.